உங்களிடம் நீங்களே பரிவாக இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்தவர் தவறு செய்தால் "பரவாயில்லை, விடு" என்று சொல்லத் தெரிந்த பலருக்கு, அதே வார்த்தையைத் தங்களுக்குச் சொல்ல வாய் வருவதில்லை. சின்னப் பிசகுக்குக்கூட நாள்கணக்கில் தங்களை நொந்துகொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களும் அவர்களோடு வாழ்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன?

உங்களிடம் இருப்பதை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது. கோபம் அதிகம் வருமென்றால் வரும். கணக்கு வராதென்றால் வராது. பல வருடங்களுக்கு முன் ஒரு நட்பு முறிந்ததற்கு நீங்கள்தான் காரணமென்றால் நீங்கள்தான் காரணம். இதில் பாராட்டும் கிடையாது, தண்டனையும் கிடையாது. "என்னிடம் உள்ள எல்லாமே சரி" என்று முத்திரை குத்திக்கொள்ளச் சொல்வதாகப் பலர் எடுத்துக்கொண்டு மிரள்கிறார்கள். அப்படி யாரும் கேட்கவில்லை. பிடிக்காத ஒன்றையும் ஏற்றுக்கொள்ளலாம்; ஏற்றுக்கொண்ட பிறகு அதை மாற்றவும் முயலலாம். இல்லவே இல்லை என்று சாதிக்கும் ஒன்றைத்தான் மாற்ற வழியே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், 1955 முதல் தாம் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் இதற்கு முக்கிய இடம் கொடுத்தார். செயலை எடைபோடலாம், செய்த ஆளை எடைபோட முடியாது என்பது அவர் கருத்து. "இன்று கூட்டத்தில் நான் பேசியது எடுபடவில்லை" என்பதில் திருத்திக்கொள்ள ஏதோ இருக்கிறது. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதில் என்ன இருக்கிறது? எங்கே பிடித்து எதைத் திருத்துவது? ஒரு மனிதருக்குள் எத்தனையோ குணங்கள், பழக்கங்கள், நல்ல நாட்கள், கெட்ட நாட்கள். அத்தனையையும் கூட்டிக் கழித்து ஒற்றை மதிப்பெண் போடும் அளவுகோல் யாரிடமும் இல்லை.

ஏற்றுக்கொள்வதும் பரிவும் ஒன்றா?

ஒட்டியே வருபவை, ஆனாலும் வேறுவேறு. ஏற்றுக்கொள்வது பார்ப்பதில் இருக்கிறது. பரிவு, பார்த்ததற்குப் பிறகு நீங்கள் நடந்துகொள்வதில் இருக்கிறது.

தன்பரிவை ஆய்வுக்குரிய பொருளாக உளவியலுக்குள் கொண்டுவந்தவர் கிறிஸ்டின் நெஃப். 2003இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் அதை மூன்று கூறுகளாகப் பிரித்தன. துன்பப்படும்போது உங்களைக் குத்திக்காட்டாமல் கனிவாக நடத்துவது ஒன்று. தவறுவதும் தோற்பதும் மனிதப் பிறவி எல்லோருக்கும் உள்ளது, எனக்கு மட்டும் வாய்த்த சாபமில்லை என்று உணர்வது இன்னொன்று. வலியை மூடி மறைக்காமலும் அதிலேயே மூழ்காமலும் உள்ளபடி கவனிப்பது மூன்றாவது. இவற்றை அளக்க அவர் 26 கூற்றுகள் கொண்ட ஒரு வினாநிரலையும் உருவாக்கினார். இத்துறை ஆய்வுகளில் மிகப் பரவலாகப் பயன்படுவது அதுதான்.

மூன்றில் எதை முதலில் பிடிப்பது என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். கனிவு சிலருக்கு எளிதில் வராது. ஆனால் "இந்த நேரத்தில் என்னைப் போலவே விழித்துக்கொண்டு தன்னை நொந்துகொள்ளும் மனிதர்கள் ஏராளம்" என்பது உணர்ச்சியைக் கேட்காத வெறும் உண்மை. மனம் இறுகிக் கிடக்கும்போதும் அதை ஒப்புக்கொள்ள முடியும்.

என்னிடம் நானே கறாராக இல்லாவிட்டால் சோம்பேறியாகிவிட மாட்டேனா?

எல்லாக் கேள்விகளிலும் பெரியது இதுதான். தன்னைத் திட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் அதை ஆசைப்பட்டுச் செய்வதில்லை. சாட்டையைக் கீழே போட்டால் எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடும் என்ற பயத்தில்தான் அதை இறுகப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பயம் அற்பமானதல்ல. படிப்பு, வேலை, பெயர் என்று இதுவரை எட்டியதையெல்லாம் திட்டித் திட்டியே எட்டியதாக நம்பும் ஒருவரிடம் போய் "அதை விட்டுவிடு" என்றால், தன்னைத் தாங்கி நிற்கும் தூணையே பிடுங்கச் சொல்வதாக அவருக்குத் தோன்றும்.

திட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் பால் கில்பர்ட், பரிவை மையமாகக் கொண்ட சிகிச்சை முறையை உருவாக்கியவர். நம் உணர்ச்சிகளை அவர் மூன்று அமைப்புகளாக விளக்குகிறார்: ஆபத்தை உணர்ந்து காத்துக்கொள்ளும் அமைப்பு, வேண்டியதை நாடி ஓடச்செய்யும் அமைப்பு, அமைதிப்படுத்தும் அமைப்பு. யாராவது நம்மேல் பாய்ந்தால் முதலாவது விழித்துக்கொள்ளும். இதயம் படபடக்கும், உடல் விறைக்கும். நம்மை நாமே தாக்கும்போதும் விழிப்பது அதே அமைப்புதான். தாக்குபவரும் தாக்கப்படுபவரும் ஒரே ஆளாக இருப்பதால் தப்பி ஓட இடமும் இல்லை. அந்த நிலையில் மனதுக்கு எஞ்சும் வழி ஒன்றே: வலி வரும் பக்கம் திரும்பாமல் இருப்பது. அதனால்தான் மதிப்பெண் குறைந்த விடைத்தாளைத் திரும்பப் புரட்டுவதில்லை. பதில் போடாத மின்னஞ்சலைத் திறப்பதில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்தும் மருத்துவரிடம் போவதில்லை. சோம்பல் என்று நாம் பெயர் வைத்திருக்கும் பலவும் உண்மையில் இந்தப் பயம்தான் என்பது என் எண்ணம்.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், பல்கலைக்கழக மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான சொல்லறிவுத் தேர்வு வைக்கப்பட்டது. பிறகு ஒரு பிரிவினரிடம் "இது கடினமாக இருந்திருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் அப்படித்தான், உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்" என்ற பொருளில் பேசினார்கள். இன்னொரு பிரிவினரின் அறிவுத்திறனைப் புகழ்ந்தார்கள். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு முன் படிக்க விரும்பும்வரை படிக்கலாம் என்று விட்டபோது, அதிக நேரம் படித்தவர்கள் பரிவான சொல்லைக் கேட்டவர்கள்தான்.

கனடாவில் மைக்கேல் வோல், திமோத்தி பிச்சில் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் ஒத்திப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் இரண்டாம் தேர்வுக்கு முன் குறைவாக ஒத்திப்போட்டார்கள்.

கறாராக இருப்பதை யாரும் கைவிட வேண்டியதில்லை. "இந்த இடத்தில் தவறிவிட்டது, நாளைக்கு மறுபடி செய்" என்று சொல்வதும் கறார்தான். அதோடு "நீ உருப்படவே மாட்டாய்" என்று சேர்த்துக்கொள்வதால் வேலை ஒரு அங்குலம்கூட நகரப்போவதில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே இங்கே கேட்கப்படுவது.

தன்மதிப்பை வளர்த்துக்கொண்டால் போதாதா?

ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 1986இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கோன்செல்லோஸின் முயற்சியால், தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஓர் அரசுக் குழுவை அமைத்தது. தன்மதிப்பு உயர்ந்தால் பல சமூகச் சிக்கல்கள் தீரும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. 2003இல் ராய் பௌமைஸ்டர் முதலானோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசியபோது, தன்மதிப்பை உயர்த்துவதால் படிப்போ வேலைத்திறனோ மேம்படுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. மகிழ்ச்சியோடு அதற்குத் தொடர்பு இருந்தது. பெரும்பாலும் நன்றாகச் செய்ததன் பலனாகத்தான் தன்மதிப்பு வருகிறது என்றும் தெரிந்தது.

சிக்கல் இங்கேதான். வென்றால் தன்மதிப்பு கூடவே இருக்கிறது. தோற்ற அன்று, அது மிகவும் தேவைப்படும் அன்றுதான் காணாமல் போகிறது. மேலும், நம்மை உயர்வாக எண்ண வேண்டுமானால் யாரையாவது விட ஒரு படி மேலே நிற்க வேண்டியிருக்கிறது. பரிவுக்கு அந்த நிபந்தனை இல்லை. நெஃப், ரூஸ் வோங்க் இருவரும் நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள்: தன்பரிவு மிகுந்தவர்களின் சுயமதிப்புணர்வு காலப்போக்கில் அதிகம் ஏறி இறங்கவில்லை, தோற்றத்தையோ வெற்றியையோ பிறர் பாராட்டையோ அவ்வளவாகச் சார்ந்திருக்கவும் இல்லை.

இது கழிவிரக்கத்தில் கொண்டுபோய் விடாதா?

கழிவிரக்கம் "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கும். பரிவு "இது வலிக்கிறது, இப்போது என்ன செய்தால் உதவும்?" என்று கேட்கும். முதலாவது உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியே உட்காரவைக்கிறது. மேலே சொன்ன மூன்று கூறுகளில் இரண்டாவது இல்லாமல் போனால் பரிவு கழிவிரக்கமாகத் திரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு, ஒரு நாள் முழுக்க உங்களை நினைத்து அழுதுவிட்டீர்கள் என்றால் அதற்காகவும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் உண்மையிலேயே ஒருவருக்குத் தீங்கு செய்திருக்கிறேன். எனக்குப் பரிவு காட்டிக்கொள்வது தப்பித்துக்கொள்வதாகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரின் மனசாட்சி விழித்திருக்கிறது. அதனால் சுருக்கமாகச் சொல்லித் தட்டிக்கழிக்க மாட்டேன்.

குற்றவுணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உளவியலாளர் ஜூன் டாங்னி நெடுங்காலம் ஆராய்ந்தது இந்த வேறுபாட்டைத்தான். குற்றவுணர்வு "நான் செய்தது தவறு" என்கிறது. அது மன்னிப்புக் கேட்கவும் ஈடுசெய்யவும் தூண்டுகிறது. அவமான உணர்வு "நானே தவறானவன்" என்கிறது. அது ஒளியவும் மறுக்கவும் பழியை மற்றவர்மேல் போடவும் தூண்டுகிறது. தன்னை வெறுத்துக்கொண்டே இருப்பதுதான் தவறு செய்தவர் செலுத்த வேண்டிய அபராதம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த அபராதம் யாருக்குப் போய்ச் சேர்கிறது? உங்களால் காயப்பட்டவருக்கு உங்கள் தூக்கமில்லாத இரவுகளால் ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தேவை, நீங்கள் நேரில் வந்து, சாக்குப்போக்கில்லாமல், செய்ததைச் செய்தேன் என்று சொல்வது. அவமானத்தில் கூனிக் குறுகி நிற்பவரால் அதைச் செய்ய முடிவதில்லை. ஒன்று வரவே மாட்டார். வந்தாலும் அவர் அழுகையைக் காயப்பட்டவரே துடைக்க வேண்டியதாகிவிடும்.

முன்பு சொன்ன 2012 ஆய்வின் இன்னொரு பகுதியில், தாங்கள் செய்து வருந்திய ஒரு தவறைப் பங்கேற்பாளர்கள் நினைவுகூர்ந்தார்கள். அதைப் பரிவோடு அணுகி எழுதியவர்களிடம், ஈடுசெய்ய வேண்டும், மறுபடி செய்யக் கூடாது என்ற உந்துதல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

ஆகவே வரிசை இதுதான்: செய்ததைப் பூசி மெழுகாமல் உங்களுக்கே சொல்லுங்கள். அந்த நேரம் நீங்கள் எந்த நிலையில், எந்தப் பயத்தில், எந்த அறியாமையில் இருந்தீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்; காரணம் தெரிவதால் பொறுப்பு குறைந்துவிடாது. பிறகு காயப்பட்டவரிடம் போங்கள். அவர் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் உரிமை. மன்னிக்காவிட்டாலும் நீங்கள் இனி வேறு மாதிரி நடக்கலாம்.

என்னைத் திட்டும் அந்த உள்குரல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் வெளியிலிருந்துதான். சின்ன வயதில் அடிக்கடி காதில் விழுந்த ஏச்சு, மற்ற பிள்ளைகளோடு வைத்துப் பேசிய ஒப்பீடு, வகுப்பில் எழுந்த சிரிப்பு. குழந்தைக்குப் பெரியவர்களைக் குறைசொல்லத் துணிவு இருக்காது. அவர்களைச் சார்ந்துதான் அது உயிர்வாழ வேண்டும். அதனால் "என்னிடம்தான் ஏதோ குறை" என்று எடுத்துக்கொள்கிறது. அடி விழுவதற்கு முன் தானே தன்னை அடித்துக்கொண்டால் வெளியே விழும் அடி குறையலாம் என்றும் கற்றுக்கொள்கிறது. அந்தக் குரல் அந்த வயதில் உங்களைக் காப்பாற்றத்தான் முயன்றது. அதோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக இதைப் புரிந்துகொள்வதே பலரிடம் அதன் கூர்மையைக் குறைக்கிறது.

கில்பர்ட்டின் குழுவினர் 2004இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள்: மக்கள் தங்களைத் திருத்திக்கொள்வதற்காகவும் திட்டிக்கொள்கிறார்கள், தங்கள்மேல் உள்ள வெறுப்பினாலும் திட்டிக்கொள்கிறார்கள். உங்கள் குரல் எந்த வகை என்று ஒருமுறை கவனியுங்கள். திருத்தும் நோக்கமே இல்லாமல், வலிக்க வேண்டும் என்பதற்காகவே அது பேசினால், தனியாகச் சமாளிக்க முயல வேண்டாம். உளவியல் ஆலோசகர் ஒருவரின் துணை அங்கே அவசியம்.

கண்ணாடி முன் நின்று "நான் அருமையானவள்" என்று தினமும் சொல்லிக்கொண்டால் பலன் உண்டா?

ஏற்கெனவே தன்மேல் நல்லெண்ணம் உள்ளவருக்குச் சிறிது உண்டு. தேவைப்படுபவருக்கோ அது எதிர்விளைவைத் தந்துவிடலாம். ஜோன் உட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரிய ஆள்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களின் மனநிலை, சொல்லாதவர்களின் மனநிலையைவிட மோசமானது. நம்ப முடியாத ஒன்றை வாய் சொல்லும்போது மனம் அதற்கு எதிரான சாட்சிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நம்பக்கூடியதைச் சொல்லுங்கள்: "இன்று எனக்குக் கஷ்டமான நாள்." "இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னும் நேரம் வேண்டும்." இவற்றை மறுக்க மனதிடம் சாட்சி கிடையாது.

சரி, எதில் தொடங்குவது?

கேட்பதில். இரண்டு மூன்று நாட்களுக்கு எதையும் மாற்ற முயலாமல், தவறு நேரும்போதெல்லாம் உங்களை என்ன வார்த்தை சொல்லித் திட்டுகிறீர்கள் என்பதை அப்படியே எழுதிவையுங்கள். "முட்டாள்" என்றால் முட்டாள் என்றே எழுதுங்கள். காகிதத்தில் பார்க்கும்போதுதான், இதை வேறு யாராவது நம் வீட்டுப் பிள்ளையிடம் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவோமே என்று உறைக்கும்.

அடுத்து, நெஃப் பரவலாக்கிய ஒரு பயிற்சி. இதே நிலையில் உங்கள் நெருங்கிய தோழி வந்து நிற்பதாக வைத்துக்கொண்டு, அவளிடம் என்ன சொல்வீர்கள், எந்தத் தொனியில் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். பிறகு அந்த வரிகளை உங்களுக்கு வந்த கடிதமாக வாசியுங்கள். தொனியை விட்டுவிடாதீர்கள், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் குரலில் "பரவாயில்லை" என்று சொன்னாலும் அது குத்தத்தான் செய்யும்.

எழுத நேரமில்லாத இடங்களில் உங்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் காட்டியது இது: பலர் முன்னால் பேச வேண்டிய பதற்றத்தில், மனதுக்குள் "நான் ஏன் இப்படி நடுங்குகிறேன்" என்று கேட்டுக்கொண்டவர்களைவிட, தங்கள் பெயரையோ "நீ" என்பதையோ பயன்படுத்தித் தங்களோடு பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள், பேசி முடித்த பிறகு அதையே நினைத்து மருகுவதும் குறைந்தது. பெயரைச் சொல்லும்போது ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. இன்னொருவருக்கு ஆறுதல் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

உடலையும் மறக்க வேண்டாம். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு மூச்சைக் கவனியுங்கள். 2021இல் ஜெர்மனியில் இருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், மன அழுத்தம் தரும் சோதனைக்கு முன் 20 விநாடி இப்படிச் செய்தவர்களின் உடலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன், செய்யாதவர்களைவிடக் குறைவாகவே உயர்ந்தது. யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டுமென்றால் ஒரு கையால் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

பரிவாக இருக்க முயன்றால் அழுகைதான் வருகிறது. இன்னும் மோசமாக உணர்கிறேன்.

பயந்துவிட வேண்டாம், இது நடப்பதுதான். நெஃபோடு சேர்ந்து பயிற்சித் திட்டம் வகுத்த கிறிஸ்டோபர் ஜெர்மர், தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் உவமையை எடுத்து இதை விளக்குகிறார். நெடுநேரம் மூடிய அறைக்குள் எரியும் நெருப்பு, கதவைச் சட்டென்று திறந்ததும் காற்றுப் பட்டு வெளியே பாயும். பல வருடங்கள் சாத்தியிருந்த மனதில் கனிவு நுழையும்போதும், அடைபட்டிருந்த பழைய வலி முதலில் வெளியே வருகிறது. கனிவு கிடைத்ததும், அது கிடைக்காமல் போன காலமெல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அப்படி வந்தால் நிறுத்திவிடலாம். முகம் கழுவுங்கள், எழுந்து நடங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். அந்த நேரத்துக்கு அதுவே பரிவு. பயிற்சியைச் சரியாக முடிக்கவில்லையே என்று அதிலும் உங்களைக் குறைசொல்லத் தொடங்கினால், சின்னதாக ஒரு நிமிடம் மட்டும் செய்து பாருங்கள். எதுவும் செய்யாமல் விட்டாலும் சரி. வன்முறையையோ பாலியல் கொடுமையையோ அனுபவித்தவர்கள், ஆழமான பயிற்சிகளைச் சிகிச்சையாளர் துணையோடு செய்வதுதான் பாதுகாப்பு.

எல்லோரும் என் குறையையே பார்ப்பது போலிருக்கிறது.

அவ்வளவு பேர் பார்ப்பதில்லை. தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் கூச்சப்படும்படியான படம் போட்ட சட்டையை அணிந்து ஓர் அறைக்குள் போனார்கள். அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் ஊகித்தார்கள். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர்.

ஒப்பிட்டுக்கொள்வதை எப்படி நிறுத்துவது?

முழுதாக நிறுத்த முடியாது. தன்னை அளந்துகொள்ள வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954லேயே எழுதிவிட்டார். ஆனால் ஒப்பிட எதை எடுக்கிறோம் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. சமூக ஊடகத்தில் பார்ப்பது, ஒருவர் காட்டத் தேர்ந்தெடுத்த பக்கம். அதை உங்கள் முழு வாழ்க்கையோடு வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. பார்த்து முடித்ததும் மனம் சுருங்குகிறதென்றால் அந்தக் கணக்குகளைக் கண்ணில் படாமல் வைப்பதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை.

என் உடலை எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் நேசித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். பிடிக்காத ஒன்றை நேசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது இன்னொரு சுமை. பிடிக்காவிட்டாலும் மதிப்பாக நடத்தலாம்: பசித்தால் சாப்பிடக் கொடுப்பது, களைத்தால் படுக்கவிடுவது, இப்போதுள்ள அளவுக்குப் பொருந்தும் உடையை வாங்குவது, அது பழிக்கப்படும் பேச்சிலிருந்து எழுந்து போவது. "இளைத்த பிறகு வாழலாம்" என்று தள்ளிவைத்திருக்கும் ஒன்றையாவது இந்த மாதமே செய்யுங்கள். நான் இதை வற்புறுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் அப்படித் தள்ளிவைத்த வருடங்கள் திரும்ப வருவதில்லை.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் தோற்றம் குறித்து மனக்குறை இருந்த பெண்கள் 3 வாரம், நாளொன்றுக்கு 20 நிமிடம், பரிவுத் தியான ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். உடல் குறித்த அவமான உணர்வு குறைந்தது. 3 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நீடித்தது. சாப்பிடுவதே போராட்டமாகிவிட்டது, சாப்பிட்டதை வெளியேற்றும் பழக்கம் வந்துவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள். உண்ணுதல் கோளாறுகள் உயிரைப் பறிக்கக்கூடிய நோய்கள்.

இதெல்லாம் சுயநலம் இல்லையா?

இல்லை. 2013இல் நெஃபும் தாஷா பெரெட்வாஸும் வெளியிட்ட ஆய்வில் தம்பதிகளும் காதலர்களும் பங்கேற்றார்கள். தன்பரிவு மிகுந்தவர்களை அவர்களுடைய துணைவர்கள் கூடுதல் அக்கறையானவர்கள், கட்டுப்படுத்தாதவர்கள் என்றே விவரித்தார்கள். தன்னை மன்னிக்கத் தெரியாதவருக்கு வீட்டில் இருப்பவர்களின் தவறும் பொறுப்பதில்லை என்பதை நம்மில் பலர் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம்.

பலன் தெரிய எவ்வளவு நாளாகும்?

நெஃபும் ஜெர்மரும் வகுத்த பயிற்சி 8 வாரம் நடக்கிறது. 2013இல் வெளியான அதன் சோதனை முடிவில், பங்கேற்றவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. 6 மாதம், 1 வருடம் கழித்தும் மாற்றம் நிலைத்திருந்தது. தனியாகப் பழகுபவருக்கு இதற்கென்று தேதி குறிக்க முடியாது. உள்குரல் நின்றுபோகும் என்று காத்திருக்காதீர்கள். அது பேசத்தான் செய்யும். பேசியது பேசியதுதான் என்று நீங்கள் சீக்கிரம் கண்டுகொள்வீர்கள், சீக்கிரம் மீண்டுவருவீர்கள். மாற்றம் தெரிவது அங்கேதான்.

எப்போது மருத்துவ உதவி தேட வேண்டும்?

மனச்சோர்வோ எதிலும் ஈடுபாடின்மையோ 2 வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி நீடித்தால். தூக்கம், பசி, வேலை குலைந்தால். உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்டாலோ, இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று தோன்றினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். தன்னைத்தானே வெறுப்பது அதன் அறிகுறிகளில் ஒன்று. அந்த நாட்களில் உங்களைப் பற்றி உங்கள் மனம் சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு நெருக்கமானவர் தன்னையே வெறுத்துப் பேசுகிறார். நான் என்ன சொல்வது?

முதலில் மறுத்துப் பேசாதீர்கள். "சே, நீ அப்படியெல்லாம் இல்லை" என்று உடனே சொன்னால் அவர் தன் கட்சியை நிரூபிக்க இன்னும் பத்துக் குறைகளை அடுக்குவார். "இதை எவ்வளவு நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறாய்?" என்று கேளுங்கள். பேசவிடுங்கள். அறிவுரை அவர் கேட்டால் மட்டும். பேச்சு உயிரைப் பற்றித் திரும்பினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சில நாள் கழித்து மறுபடியும் விசாரியுங்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் இரண்டாம் முறை மனம் திறப்பதுண்டு.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கை தவறி ஏதாவது கொட்டிவிட்டால், "என்னைப் போல ஒரு தண்டம் உண்டா" என்று தலையில் அடித்துக்கொள்ளாமல், "அடடா, கொட்டிவிட்டதே, வா துடைக்கலாம்" என்று அவர்கள் காதுபடச் சொல்லுங்கள்.